தப்பாகக் கழுவிய முகம்

முள்ளக்கரையில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கோயில்பிச்சை ஒரு திங்கட்கிழமை காலையில் வெள்ளையாக எழுந்ததற்குக் காரணம் கடவுளும் இல்லை, காமாலையும் இல்லை, செல்வக்கனி தன் தலைமுடியைக் கட்ட எடுத்த ஒரு ரப்பர் பேண்டுதான். அது இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அவளுடைய படம் அந்த மாதமே முடிந்திருக்கும், கோயில்பிச்சையும் தன் பாட்டுக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்திருப்பான், ஊருக்கு வாயில் போட்டு மெல்ல வேறு ஏதாவது கிடைத்திருக்கும்.

செல்வக்கனிக்கு ஜாஸ்மின் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிற வேலை. ஆல்பம் செய்வது என்று பேர்தானே ஒழிய, காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மணப்பெண்களை வெளுக்கிற வேலைதான் அது. கறுத்த பெண் மாநிறமாவாள், மாநிறப் பெண் சிவப்பாவாள், சிவந்த பெண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் அவளையும் ஒரு சுற்று வெளுத்து வைத்தால், முதலாளி தாவீது அண்ணாச்சி பின்னால் வந்து நின்று, "இன்னும் ரெண்டு சுத்து ஏத்துளா, மாப்பிள்ள வீட்டுக்காரவிய மூஞ்சியச் சுளிப்பாவ" என்பார், அவளும் ஏற்றிக்கொண்டே போவாள், கடைசியில் மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த எரிச்சலில்தான் அவள் சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்தாள். சென்னையில் பழைய சாமான் கடையில் பொறுக்கிய சூப்பர் எட்டு கேமரா, மூன்று நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும் கறுப்பு வெள்ளைச் சுருள், அதுவும் தேதி தாண்டிப்போன சரக்கு. சம்பளம் வந்தால் ஒரு சுருள், வராவிட்டால் சும்மா கேமராவைத் துடைத்து வைப்பது என்று மூன்று வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

கதை இவ்வளவுதான்: ஒருத்தன் ஏணியைச் சுமந்துகொண்டு உப்பளத்தில் நடக்கிறான், சாத்தி வைக்க ஒரு சுவர் கிடைக்கவில்லை. பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு, எங்கு பார்த்தாலும் தட்டையான வெளுப்பு. கடைசியில் ஓர் உப்பு அம்பாரத்தில் ஏணியைச் சாத்தி ஏறி உச்சியில் நிற்கிறான், அத்தோடு படம் முடிகிறது. "ஏணி எதுக்கு?" என்று அளத்தில் கேட்காத ஆள் கிடையாது. "ஏறத்தான்" என்று செல்வக்கனி பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஏணி சுமக்கிற ஆளாக அவள் கோயில்பிச்சையைப் பிடித்ததற்குக் காரணம் அவன் நிறம். அந்தக் கரையில் அவனைப் போலக் கறுத்தவன் கிடையாது. உப்பு வெளுப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போனவர்கள் சட்டென்று அவனைப் பார்த்தால் கண் குளிர்ந்துவிடும், அப்படி ஒரு கறுப்பு. சுருளில் அவன் வந்து நின்றால் மற்றதெல்லாம் ஒதுங்கி அவனுக்கு இடம் விடும். ஆனால் அவனைப் பெண் பார்க்கக் கூட்டிப் போன வீடுகளில் மட்டும் காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். அவன் அம்மா தங்கபுஷ்பம் அந்தப் பதில்களையெல்லாம் முந்தானையில் முடிந்து வைத்திருப்பவள் போல வருவோர் போவோரிடம் அவிழ்த்துக் காட்டுவாள். அவனோ ஞாயிற்றுக்கிழமையானால் ஏணியைத் தூக்கிக்கொண்டு செல்வக்கனி சொன்ன பக்கம் நடப்பான்.

சுருளைக் கழுவுகிற லேப் பக்கத்தில் எங்கும் இல்லை, இருந்தாலும் அவளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஜன்னல் இல்லாத குளியலறையில் கதவிடுக்கில் கம்பளியைத் திணித்து, கண்ணைக் கட்டிய இருட்டில் சுருளைத் தூக்குவாளிக்குள் அமுக்கி, மருந்து மருந்தாக ஊற்றி அவளே கழுவுவாள். முதலில் டெவலப்பர், அதில் படம் தலைகீழாக வரும், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும். அப்புறம் வெளுப்பு மருந்து ஊற்றி அந்தத் தலைகீழை அழித்து, விளக்கைக் காட்டி, மறுபடி டெவலப்பர் ஊற்றினால் படம் நேராகும். படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ கடைசியில்தான், அதை முந்தி ஊற்றிவிட்டால் தலைகீழ் தலைகீழாகவே நின்றுபோகும், அப்புறம் அழுதாலும் திரும்பாது. மருந்துச் சீசாக்கள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால் வெளுப்பு மருந்தின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள், இருட்டில் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில்பிச்சையின் முகத்தை மட்டும், பின்னால் கறுப்புக் குடைத்துணியைக் கட்டி, ஒரு முழுச் சுருள் எடுத்து வந்திருந்தாள். கழுவ உட்காரும்போது முடி முகத்தில் விழுந்து தொந்தரவு செய்ய, கையில் அகப்பட்ட ரப்பர் பேண்டை உருவிக் கொண்டை போட்டுக்கொண்டு விளக்கை அணைத்தாள். டெவலப்பர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. தாவீது அண்ணாச்சிதான், ஞாயிற்றுக்கிழமைகூட எவளையோ வெளுக்க வேண்டும். தடவினால் எல்லாச் சீசாவும் வெறுங்கழுத்து. எரிச்சலில் கைக்கு வந்ததை எடுத்து ஊற்றினாள். அது ஹைப்போ. விளக்கைப் போட்டுச் சுருளைத் தூக்கிப் பார்த்தபோது வெள்ளை முகம், வெள்ளை முடி, கரிப்பல். தூக்குவாளியைச் சுவரோரமாக எற்றி, தன்னைத் தானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் கோயில்பிச்சை வந்து வாசலில் நின்றான். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. முடி பஞ்சு, பல் கரி, கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும் பாப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையும். காலை வெயில் அவன் முதுகில் விழ, முன்னால் தரையில் அவன் நிழல் டார்ச் அடித்ததுபோல வெளிச்சமாகக் கிடந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த குடைத்துணியும் வெள்ளையாகிப் போயிருந்தது.

"அக்கா, என்ன செஞ்சிய?" என்றான்.

"ஹைப்போவ மொதல்ல ஊத்திட்டேன்."

"சரி. இன்னைக்கு லோடு இருக்கு, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

அளத்தில் யாரும் மூர்ச்சையாகி விழவில்லை. சும்மாடு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவனை மேலும் கீழும் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, முடிக்குத்தான் ஏதாச்சும் பண்ணணும்" என்றார்கள். பாஸ்டர் வேதத்தில் இதைப் பற்றி ஆதரவாகவும் ஒன்றுமில்லை விரோதமாகவும் ஒன்றுமில்லை என்று ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். ரேஷன் கடைக்காரர் அட்டையில் இருக்கிற படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, கடைசியில் அரிசியைப் போட்டுவிட்டார். ஒரே ஒரு குறை மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான். வெயில் நேரத்தில் அவன் பக்கம் ஒதுங்கினால் நிழல் கிடைக்காது, கூடுதலாக ஒரு வெயில்தான் கிடைக்கும் என்று முனகினார்கள், அதுவும் கொஞ்ச நாளில் பழகிப்போயிற்று.

காப்பி ஆறுவதற்குள் பதில் சொன்ன வீடுகள் எல்லாம் தரகரை விட்டுத் தூது அனுப்பின. முடியா, அதுக்குச் சாயம் இருக்கு. கண்ணா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிடட்டும். பல்லா, ஆம்பிள எதுக்குப் பல்லக் காட்டிச் சிரிக்கணும்? நிறம் வருமா நிறம்? இப்படிப் பேசிப் பேசித் தெற்கே ஒரு ஊரில் நல்ல வசதியான இடம் முடிவாயிற்று. பெண் வீட்டார், "பொறந்ததுலேருந்தே இந்த நெறமா?" என்று கேட்டதற்குத் தங்கபுஷ்பம் கூசாமல், "வயித்துல இருக்கும்போதே இப்பிடித்தான்" என்றாள். அன்றிலிருந்து ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அவன் பழைய போட்டோக்கள் அடுப்புக்குப் போயின. முதலில் சம்பந்தக்காரர்களுக்காகச் சொன்னார்கள், பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், பிறகு சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று; கோயில்பிச்சை எப்போதும் வெள்ளைதான் என்று ஊர் நம்பியேவிட்டது.

செல்வக்கனிக்குத்தான் வயிறு எரிந்தது. கடைசிக் காட்சி பாக்கி, அடுத்த மாதம் மழை விழுந்தால் அம்பாரத்துக்கெல்லாம் ஓலை போட்டு மூடிவிடுவார்கள், கையில் ஒரே ஒரு சுருள். சென்னைக் கடைக்காரர் இனி இந்தச் சரக்கு வராதென்று கையை விரித்துவிட்டார். சரி, அவனை வைத்தே எடுத்துவிடலாம் என்று அம்பாரத்தின் முன்னால் நிறுத்தி கேமராவுக்குள் பார்த்தால், வெள்ளை உப்பில் வெள்ளை மனிதன் கரைந்தே போய்விட்டான். ஒரு சட்டையும் ஒரு கைலிச்சாரமும் ஓர் ஏணியும் ஆள் இல்லாமல் தானாக நடந்துகொண்டிருந்தன. மூன்று வருஷமாக ஏணி சுமந்தவன் ஏற வேண்டிய நேரத்தில் காணவில்லை. அவள் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோயிலு, அதே தப்ப இன்னொருக்கா பண்ணுனா நீ பழையபடி ஆயிருவ. உன் மூஞ்சிய மட்டும் எடுத்து, ஹைப்போவ மொதல்ல ஊத்திருதேன்."

"அப்ப கடைசிச் சீனுக்குச் சுருளுக்கு எங்க போவிய?"

அவனைத் திருப்பினால் படம் முடிக்கச் சுருள் இல்லை, சுருளை வைத்துக்கொண்டால் படத்தில் ஆள் இல்லை. இதைவிட வக்கணையாக ஒருத்தியை மாட்டி வைக்க முடியாது.

"சுருள் இருந்தாலும் வேண்டாம்க்கா" என்றான் அவன், ஏணியைக் கீழே வைத்துவிட்டு. "இவ்ளோ வருசமா கறுப்பா இருந்து பாத்தாச்சு. கொஞ்ச நாளு இப்பிடி இருந்து பாக்கேன்."

அதற்குள் ஊருக்கு வேறொரு யோசனை பிறந்திருந்தது. செல்வக்கனி ஸ்டுடியோவிலிருந்து திரும்பும்போதெல்லாம் வாசலில் ஆள் நிற்கும். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிற தாய்மார்கள், மருமகளைப் பற்றிக் குறைபடுகிற மாமியார்கள், வெள்ளை எருமைக்கு நல்ல விலை போகும் என்று கேள்விப்பட்டு எருமையோடு வந்த ஒருத்தர். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: ஒரு தடவை தப்பாகக் கழுவ முடியுமா? படம் என்னாச்சு, எப்போது முடியும், அந்த ஏணிக்காரன் ஏறினானா இல்லையா என்று ஓர் ஆத்மா கேட்கவில்லை. தாவீது அண்ணாச்சி மட்டும், "இந்த வித்தைய எனக்குச் சொல்லாம இம்புட்டு நாளும் கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டு இருந்தியேளா" என்று கோபித்துக்கொண்டார்.

கடைசியில் தங்கபுஷ்பமே வந்தாள். கூடவே அவள் மகள் எப்சி, அண்ணனுக்கு அடுத்துப் பிறந்தவள், அவன் எப்படி இருந்தானோ அப்படியே இருப்பவள்.

"ஏளா செல்வக்கனி, அந்தக் கடைசிச் சுருள எவளுக்கும் குடுத்துராத. என் மவன வெளுத்துவிட்டது மாதிரி இவளையும் ஒரு கை பாத்துரு. அண்ணன் கல்யாணத்தோட இவளுக்கும் ஒண்ணு தெகஞ்சுரும். உனக்குக் கோடிப் புண்ணியம்."

செல்வக்கனி வாயைத் திறப்பதற்குள் எப்சி முந்திக்கொண்டாள். "சரிம்மா, எடுத்துக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போ." அம்மா தெருத் திரும்பி மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அண்ணனும் நானும் ஒரே உசரம். அவன் சாரமும் சட்டையும் போட்டு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஏணியோட தூரத்துல நடந்தா எவன் கண்டுபிடிப்பான்? நான் ஏறுதேன். ஆனா நேராக் கழுவுங்க. தப்பாக் கழுவிராதிய."

"உங்கம்மைக்கு என்ன சொல்ல?"

"சரியாப் பிடிக்கலன்னு சொல்லுங்க. எனக்கு வேல இருக்குக்கா, கண்ணாடி முன்னால நின்னு யாரு இவன்னு தேடிக்கிட்டு இருக்க நேரம் இல்ல. அண்ணன் தேடுதான். தெனமும் பாக்கேன்."

அளக்காரர்கள் யாரும் இடம் கொடுக்கவில்லை; கேமராவில் பட்டு உப்பு கறுத்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்று விரட்டினார்கள். கடைசியில் கைவிடப்பட்ட ஒரு பழைய அளத்தில், விலை போகாமல் கிடந்த அம்பாரத்தில் எடுத்தார்கள். எப்சி ஏணியைச் சுமந்து வந்தாள், சாத்தினாள், ஏறினாள், உச்சியில் நின்றாள். கேமரா கடகடத்து ஓடி, சுருள் தீர்ந்து நின்றது. அத்தனை வெளுப்புக்கும் நடுவில் அவ்வளவு கறுப்பாக ஒருத்தி நிற்பதைப் பார்த்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு செல்வக்கனிக்கு யார்மீதும் கோபம் இல்லாமல் இருந்தது.

சுருளைக் கழுவும்போது முடியை அவிழ்த்தே விட்டிருந்தாள். ஒவ்வொரு சீசாவையும் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றினாள். மறுநாள் விடிந்ததும் தங்கபுஷ்பம் மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதற்கடுத்த நாளும் பார்த்தாள், அப்புறம் செல்வக்கனி வீட்டுக்கு வந்து தெரு கேட்கக் கத்தினாள். "என் பிள்ளைக்கு மட்டும் வஞ்சன பண்ணிட்டியேளா! நீ உருப்படுவியா?" செல்வக்கனி எப்சி சொல்லித் தந்தபடி, "சரியாப் பிடிக்கல சித்தி" என்றாள். கோபத்தைத் திருப்பிக் காட்ட முடியாமல் கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்கு அந்தப் படத்திலேயே கஷ்டமான வேலையாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சம்பந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பந்தலில் பொழுது போக ஏதாவது வேண்டுமே என்று ஊர்த்தலைவர் ஜெயசிங், நம்ம ஊர்ப்பிள்ளை ஏதோ படம் எடுத்திருக்காமே, போடச் சொல்லுங்க என்றுவிட்டார். படம் பூராவும் பழைய கோயில்பிச்சை. சம்பந்தக்காரர்கள் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் கல்யாணம் நின்றுவிடும். செல்வக்கனி, சாயம் அடித்த தலையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் புதுச்சட்டையில் நின்றவனிடம் போய், "போடட்டுமா வேண்டாமா, நீயே சொல்லு" என்றாள்.

"போடுங்க" என்றான். "நானும் இன்னும் பாக்கலல்லா."

பந்தலில் ஒரு வேட்டியைக் கட்டி, பொழுது இறங்கியதும் புரொஜெக்டரில் படத்தைப் போட்டாள். சத்தமில்லாத படம், மெஷின் இரைச்சலும், பின்னால் பந்தி விசாரிக்கிற சத்தமும்தான். ஒரு கறுத்த மனிதன் ஏணியைச் சுமந்து நடந்தான். யாரும் எழுந்து கத்தவில்லை. "யாருய்யா அது, வெளியூர்க்காரனா?" என்று ஒருத்தர் கேட்டார். "சினிமாக்காரனா இருக்கும்" என்றார் இன்னொருத்தர். அவனோடு பத்து வருஷம் மூட்டை தூக்கியவர்கள் அவன் நடையைப் பார்த்து, ஆள் வேலைக்காரன்தான், தோளில் ஏணி எப்படி உட்கார்ந்திருக்கு பாரு என்று மெச்சினார்கள். செல்வக்கனிக்குப் பயம் இறங்கியது, இறங்கிய அதே நிமிஷம் ஆத்திரம் பற்றிக்கொண்டும் வந்தது. ஒருத்தருக்குக்கூடவா தெரியவில்லை?

வேட்டியில் அந்த உருவம் அம்பாரத்தில் ஏணியைச் சாத்தி ஏறி உச்சியில் நின்றது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த தங்கபுஷ்பம் தன்னை மறந்து, "எம்மா, எப்பிடி நிக்கான் பாரு" என்றாள். "என்னா களை. யாரு பெத்த பிள்ளையோ!"

பக்கத்தில் இருந்த எப்சி அவள் காதருகே குனிந்தாள். "நீ பெத்ததுதாம்மா. கீழ நடந்தது ஒண்ணு, மேல நிக்கது ஒண்ணு. ரெண்டும் நீ பெத்தது."

தங்கபுஷ்பம் திரும்பவில்லை. கண் வேட்டியிலேயே இருந்தது. "தெரியும்ட்டி" என்றாள். "மெதுவாப் பேசு, சம்பந்தக்காரவிய காதுல விழுந்துரும்."

படம் முடிந்தது. ஜனங்கள் பாயை உதறிக்கொண்டு பந்திக்கு எழுந்தார்கள். மெஷினை அணைக்கப் போன செல்வக்கனியிடம், கத்திவிட்டுப் போன நாளிலிருந்து முகம் கொடுக்காத தங்கபுஷ்பம் வந்து நின்றாள். "ஏளா, அத இன்னொருக்க போடுதியா?" யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று மூன்று வருஷமாகக் காத்துக்கிடந்த வார்த்தை அது. இப்போது கேட்கும்போது சந்தோஷம் வரவில்லை. சுருளைத் திருப்பிச் சுற்றி முதலிலிருந்து போட்டாள்.

காலியான பந்தலில் தங்கபுஷ்பம் வேட்டிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கறுத்த மனிதன் மறுபடி ஏணியோடு நடக்கத் தொடங்கினான். பந்தக்காலடியில் தனியாக நின்றிருந்த கோயில்பிச்சை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெல்ல வந்து அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தான். அவள் எட்டி அவன் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருய்யா" என்றாள். "மறைக்குல்லா."